மல்லாவியில் இருந்து எழுதுபவருக்கு மின்னூல் என்ன தரும்?

தங்கச்சி, உங்கள் நீண்ட மடலின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். நீங்கள் மல்லாவியில் முன்பள்ளி ஆசிரியை. பத்து வருடமாகச் சிறுகதை எழுதுகிறீர்கள். வாரப் பத்திரிகைகளில் கதைகள் வந்திருக்கின்றன, காசு வந்ததில்லை. கடன்பட்டு 500 பிரதி அச்சடித்த தொகுப்பில் வெளியீட்டு விழாவோடு 180 போனது. மிச்சம் 320 வீட்டு அறைக்குள் கிடக்கிறது. "இனி எல்லாம் டிஜிட்டல்தான் என்கிறார்கள். நான் எதை மாற்ற வேண்டும்? இதை வைத்துப் பிழைக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். மின்னூல் விற்ற காசில் மட்டும் குடும்பம் நடத்துகிற எழுத்தாளர் ஒருவரையும் நான் வன்னியில் காணவில்லை. ஆனால் மின்னூலால் வாசகர் வருவதையும், அந்த வாசகர் வழியாக வேலை வருவதையும் கண்டிருக்கிறேன். எனக்கே அப்படித்தான் நடந்தது. அதனால் முன்பள்ளி வேலையை விட்டுவிடாதீர்கள். அந்தச் சம்பளம் எவ்வளவு சிறிது என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

நான் கிளிநொச்சியில் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்து சீவிப்பவன். எழுத்தும் உண்டு. 2009 தொடக்கத்தில் என் கதைகள் நாலு கொப்பிகளில் இருந்தன. ஒரு றங்குப்பெட்டிக்குள் அவற்றை வைத்து, தேவிபுரத்தில் பங்கருக்குள் இறக்கி மண் போட்டு மூடிவிட்டு நடந்தேன். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு தேடிப் போனபோது அந்தக் காணியின் எல்லையே தெரியவில்லை. 22 கதைகள். அவற்றில் ஐந்தைத்தான் நினைவில் இருந்து திரும்ப எழுத முடிந்தது. உங்கள் கேள்விக்கு நான் விற்பனையில் இருந்து தொடங்காமல் பிரதியில் இருந்து தொடங்குவது இதனால்தான். உங்கள் எழுத்தின் சுத்தமான பிரதி உங்கள் கையில், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கிறதா? இல்லையென்றால் மற்றது எதையும் கட்ட முடியாது.

உங்கள் தொகுப்பை அச்சகத்தில் பாமினியில் அடித்திருப்பார்கள். இலங்கையில் முக்கால்வாசித் தமிழ்ப் புத்தகங்கள் அப்படித்தான் பிறந்தன என்று என் தொழில் அனுபவத்தில் சொல்வேன். பாமினி, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு. அந்தப் போர்வையை எடுத்துவிட்டால் 'தமிழ்' என்ற சொல் நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். கணினிக்கு அது தமிழே இல்லை. தேடினால் அகப்படாது, போனில் திறந்தால் வாசிக்க வராது, மின்னூலாகவும் ஆகாது. ஆகவே அச்சகத்தில் போய் பிடிஎஃப் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். அவர்கள் தட்டச்சுச் செய்த மூலக் கோப்பையும் கேளுங்கள். அச்சகக் கணினி பழுதானால் உங்கள் புத்தகமும் அதோடு போய்விடும். அப்படிப் போன புத்தகங்கள் எனக்குத் தெரியும்.

அந்தக் கோப்பை யுனிகோடுக்கு, அதாவது எந்தக் கணினியும் போனும் தமிழைத் தமிழாகவே அறிகிற எழுத்து முறைக்கு, மாற்றுவது சுலபம். சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி, என்எச்எம் மாற்றி இரண்டும் இலவசம். ஒட்டினால் ஒரு நொடியில் மாறிவிடும். மாற்றிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. 'அவர்' என்ற சொல்லின் கடைசி எழுத்தைப் பல தட்டச்சாளர்கள் ரகரமாக அடிக்காமல், அரவை (ா) அடித்து மேலே குற்றை (புள்ளியை) வைத்துவிடுவார்கள். அச்சில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். யுனிகோடில் அது வேறு சொல். 'அவர்' என்று தேடுகிற ஒருவருக்கு உங்கள் புத்தகத்தில் இருக்கிற நூறு 'அவர்'களும் தெரியமாட்டார்கள். 'கௌரி' என்று ஒரு பாத்திரம் இருந்தால் அவள் பெயரில் வரும் ஔகாரக் குறி, கொம்பும் ளகரமுமாகப் பிரிந்து நிற்கும். தேடி மாற்றும் கட்டளையால் பாதியைத் திருத்தலாம், மிச்சத்தைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். 150 பக்கத் தொகுப்புக்கு எனக்கு மூன்று முழு நாள் எடுக்கும். முதல் தடவை செய்கிற உங்களுக்கு இரண்டு வாரம் எடுக்கலாம். மின்னூல் உலகத்தில் எழுத்தாளர் பழக வேண்டிய வேலைகளில் இதைத்தான் நான் முதலாவதாக வைப்பேன், ஏனென்றால் இதை உங்களைவிடக் கவனமாக வேறு யாரும் செய்யப் போவதில்லை.

இனி எழுதுவதை நேரே யுனிகோடில் எழுதுங்கள். பாமினி பழகிய விரல்களை மாற்றத் தேவையில்லை. இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளில் அதே பாமினி விசைப்பலகையில் அடித்தாலும் யுனிகோடு வரும். போனில் குரலால் சொல்லியும் எழுதலாம். அது எங்கள் பேச்சைச் சில இடங்களில் தமிழ்நாட்டு வழக்குக்குத் திருப்பிவிடும், வாசித்துத் திருத்துங்கள். ஒரு பிரதி போனில், ஒன்று கூகுள் டிரைவில், ஒன்று பென்டிரைவில் போட்டு வேறு ஊரில் இருக்கிற ஓர் உறவினர் வீட்டில் இருக்கட்டும். கூகுள் 15 ஜிபி இலவசமாகத் தருகிறது. வாழ்நாள் முழுக்க எழுதினாலும் எழுத்தால் மட்டும் அதை நிரப்ப மாட்டீர்கள். முகநூலில் போட்டிருக்கிறேன், அது போதும் என்று இருக்க வேண்டாம். ஒரு காலத்தில் தமிழ்ப் பக்கங்கள் பல ஜியோசிட்டீஸ் என்ற இணையப்பக்கச் சேவையில் இருந்தன. எங்கள் றங்குப்பெட்டிகள் மண்ணுக்குள் போன அதே 2009 இல் அந்தச் சேவையும் மூடப்பட்டது.

உரிமை விடயத்தில் எங்கள் எழுத்தாளர்கள் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள், அல்லது தேவையான இடத்தில் பயப்படாமல் கையெழுத்துப் போடுகிறார்கள். இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, கதையை எழுதிய கணமே பதிப்புரிமை உங்களுடையது. எங்கும் பதியத் தேவையில்லை. உங்கள் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். உரிமையை இன்னொருவருக்குக் கொடுப்பதென்றால் எழுத்தில், உங்கள் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். வாரப் பத்திரிகைக்கு நீங்கள் வெறுமனே அனுப்பி வெளியான கதைகள் உங்களுடையவைதான், தயங்காமல் மின்னூலில் சேருங்கள். இனிமேல் ஒரு பதிப்பகம் ஒப்பந்தம் நீட்டினால், 'எல்லா வடிவங்களிலும்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அச்சுரிமையை மட்டும், அதுவும் காலவரை போட்டுக் கொடுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு மூன்றும் உங்களிடமே இருக்கட்டும். இன்றைக்கு அவற்றுக்கு விலை இல்லாமல் இருக்கலாம், என்றாலும் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

சரி, எங்கே வெளியிடுவது? உங்கள் முதல் தொகுப்பை இலவசமாக விடுங்கள் என்பது என் யோசனை. கடன்பட்டு அச்சடித்ததை இலவசமாகவா என்று மனம் வலிக்கும், தெரியும். ஆனால் அந்த 320 பிரதிகளும் அறைக்குள் இருக்கும்வரை உங்கள் பெயர் துணுக்காயைத் தாண்டாது. 2013 இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம், எல்லோரும் பகிரலாம் என்று எழுத்தாளரே அனுமதிக்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தமிழ் மின்னூல்களை வெளியிடுகிறது. தன்னார்வலர்களின் உழைப்பில் நடப்பது. ஈபப் (திரையின் அளவுக்கு ஏற்ப எழுத்து ஒழுங்காகிற மின்னூல் கோப்பு), பிடிஎஃப் எனப் பல வடிவங்களில் தருவார்கள். 'பெயர் குறிப்பிட வேண்டும், வணிகத்துக்கு ஆகாது, மாற்றக் கூடாது' என்ற கட்டுப்பாடுகளோடு உரிமத்தைத் தெரிவு செய்யலாம். அச்சுப் புத்தகத்தின் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கும் அனுமதிக் கடிதத்தோடு அனுப்புங்கள். 2005 இல் இருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாண நூலகம் 1981 இல் எரிந்ததைப் பார்த்தவர்கள் எங்கள் தாய்தகப்பன்மார். எங்கள் பிள்ளைகள் ஒரு ஈழத்துக் கதையைத் தேடுகிறபோது முதலில் போகிற இடம் இன்று நூலகம் நிறுவனத்தின் தளம்தான்.

அடுத்த தொகுப்பை விற்பனைக்கு விடுங்கள். தமிழுக்கு இன்றைக்குப் பெரிய கடை அமேசானின் மின்னூல் கடையான கிண்டில்தான். 2016 இன் கடைசியில் இருந்து தமிழில் நேரடியாக வெளியிட முடிகிறது. கணக்கைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கக் கடையில் 2.99 டொலரில் இருந்து 9.99 டொலர் வரை விலை வைத்தால் எழுத்தாளருக்கு 70 வீதம் தெரிவு செய்யலாம். அதற்குக் கீழே வைத்தால் 35 வீதம்தான். 2.99 டொலர் புத்தகத்துக்கு உங்கள் கையில் ஏறக்குறைய 2 டொலர், 99 சதப் புத்தகத்துக்கு 35 சதம். 70 வீதத்தில் கோப்பின் பாரத்துக்கும் ஒரு கழிவு உண்டு, ஒரு எம்பிக்கு 15 சதம். படங்களை அள்ளிப் போடாதீர்கள். வெறும் எழுத்து மட்டுமுள்ள ஒரு நாவலே யுனிகோடு ஈபப்பாக அரை எம்பிக்குள் அடங்கும். சிக்னல் ஒரு கோட்டில் நிற்கிற எங்கள் காட்டோரக் கிராமங்களிலும் அது இறங்கிவிடும். பக்கங்களைப் படம் பிடித்துச் செய்த பிடிஎஃப் இறங்காது.

கிண்டிலில் நாமே வெளியிடுகிற அமேசான் சேவைக்குக் கேடிபி என்று பெயர். அதில் கேடிபி செலெக்ட் என்ற திட்டத்தில் சேருகிறீர்களா என்று கேட்பார்கள். சேர்ந்தால் கிண்டில் அன்லிமிட்டெட் சந்தாதாரர்கள் வாசிக்கிற பக்கக் கணக்குக்குக் காசு வரும். இந்தியக் கடையில் 70 வீதம் கிடைக்கவும் அதில் சேர்ந்தாக வேண்டும். பதிலுக்கு 90 நாள் அந்த மின்னூல் வேறு எங்கும் இருக்கக் கூடாது, உங்கள் சொந்தத் தளத்திலும் இருக்கக் கூடாது. அச்சுப் பிரதிக்கு அந்தத் தடை இல்லை. தமிழ்நாட்டு வாசகர்கள் வேண்டும் என்றால் முதல் 90 நாள் சேர்ந்து பாருங்கள். தானாகப் புதுப்பிக்கும் தெரிவை மட்டும் நிறுத்தி வையுங்கள்.

காசு கைக்கு வருவதில்தான் இலங்கையில் இருக்கிற எழுத்தாளர் அதிகம் இடறுவார். பேபால் என்ற இணையப் பணச் சேவையில் நீண்ட காலம் எங்களால் அனுப்ப முடிந்ததே தவிர, பெற முடியவில்லை. இணையத்தில் காசு வாங்க உதவுகிற ஸ்ட்ரைப் கணக்கை இலங்கையில் இருந்து திறக்க முடியாததால், அதன் வழியாகக் காசு கொடுக்கிற சப்ஸ்டாக் தளத்தில் சந்தா வாங்கி எழுதுகிற வழியும் எங்களுக்கு நேராகத் திறக்கவில்லை. பலர் பேயோனியர் என்ற பணமாற்றுச் சேவை வழியாக எடுத்து உள்ளூர் வங்கிக்கு மாற்றுகிறார்கள். வரவு குறைந்த கணக்குகளில் அவர்கள் ஆண்டுக் கட்டணம் கழிப்பார்கள், திறப்பதற்கு முன் அதை வாசியுங்கள். அமேசான், மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துத்தான் தரும். அமெரிக்க வரிக்குரிய டபிள்யூ-8பிஇஎன் படிவத்தை ஒழுங்காக நிரப்பாவிட்டால் அமெரிக்காவில் விற்றதில் 30 வீதம் பிடித்துவிடுவார்கள். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இரட்டை வரி விலக்கு உடன்படிக்கை இருக்கிறது. உங்கள் உள்நாட்டு இறைவரி இலக்கத்தை அதில் கொடுத்தால் பிடித்தம் குறையும்.

"லண்டனில் அண்ணா இருக்கிறார், அவர் பெயரில் திறந்தால் சுகம்தானே" என்று வீட்டில் சொல்வார்கள். வேண்டாம் என்பேன். கணக்கு யார் பெயரிலோ, சட்டப்படி வருமானமும் வரியும் அவர் பெயரில்தான். நல்ல சகோதரங்கள் இதில் முகம் முறிந்ததைக் கண்டிருக்கிறேன். வேறு வழியே இல்லையென்றால், பதிப்புரிமை உங்களுடையது என்று அவர் கையெழுத்தில் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

கிண்டிலுக்கு ஐஎஸ்பிஎன் என்ற சர்வதேச நூல் இலக்கம் கட்டாயமில்லை. வேண்டுமென்றால் கொழும்பில் தேசிய நூலகத்தில் எடுக்கலாம். அச்சுக்கு எடுத்த இலக்கத்தை மின்னூலுக்குப் போடாதீர்கள், அதற்குத் தனி இலக்கம்.

வாசகர் உங்களை எப்படிக் கண்டுபிடிப்பார்? அச்சில் ஒரு புத்தகம் கைமாறிப் போகும், இணையத்தில் சொல்லைத் தேடி வருவார்கள். கனடாவில் இருக்கிற ஒருவர் இரவு இரண்டு மணிக்கு 'முத்தையன்கட்டுக் குளம்' என்று தட்டிப் பார்க்கிறார். 'வட்டாப்பளைப் பொங்கல்' என்று தேடுகிறார். அவருக்கு உங்கள் கதை அகப்பட வேண்டும். ஆகவே ஊர்ப் பெயர்களைக் கதையில் மறைக்காதீர்கள். 'அந்தக் கிராமம்', 'ஒரு குளம்' என்று எழுதுகிற பழக்கம் எங்களுக்குப் பயத்தால் வந்தது. ஆபத்து இல்லாத கதையில் அதை விட்டுவிடலாம். ஒரே ஊரை 'ஒட்டுசுட்டான்' என்றும் 'ஒட்டிசுட்டான்' என்றும் எழுதுகிறோம். கதைக்குள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மற்றதை கேடிபி தருகிற ஏழு தேடுசொல் பெட்டிகளில் ஒன்றில் போடுங்கள். காலபோகம், சிறுபோகம், கதியால், தறப்பாள் போன்ற சொற்களைத் தமிழ்நாட்டு வாசகருக்காக மாற்ற வேண்டாம். கதையின் ஓட்டத்தில் அவர்களுக்கு விளங்கும், விளங்காவிட்டால் தேடுவார்கள். மின்னூலுக்கு மாறுவதென்றால் பொதுத் தமிழுக்கு மாறுவது என்று நினைத்துத் தங்கள் மொழியையே கழுவித் துடைத்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். வன்னியில் இருந்து வருகிற ஒரு கதையைத் தேடி வந்தவருக்கு அதில் வன்னி இருக்க வேண்டாமா?

உங்களுக்கு இன்னொரு வகை வாசகரும் இருக்கிறார்கள். ரொறன்ரோவிலும் பாரிசிலும் வளர்ந்த பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்க வராது. அவர்களை எட்டுவதற்குக் குரல்தான் வழி. நீங்கள் முன்பள்ளி ஆசிரியை, கதை சொல்கிற குரல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. போனில், காற்றாடியை நிறுத்தி, உடுப்பு அலுமாரியைத் திறந்து வைத்து அதற்கு முன்னால் இருந்து பதிவு செய்யுங்கள், எதிரொலி அடங்கும். சேவல் கூவினால் கூவட்டும். யூடியூப்பில் போடுங்கள். 2018 இல் இருந்து கூகுள் விளம்பரங்கள் தமிழுக்கும் உண்டு. என்றாலும் விளம்பரப் பங்கு கிடைக்க 1000 சந்தாதாரரும், 12 மாதத்தில் 4000 மணிநேரப் பார்வையும் வேண்டும். இலக்கியக் குரலுக்கு அது மெதுவாகத்தான் சேரும். இதைக் காசுக்காகச் செய்ய வேண்டாம். உங்கள் குரலைக் கேட்ட பிள்ளை தாயிடம் சொல்லும், தாய் புத்தகம் வாங்குவாள்.

இனி என் வருமானம் உண்மையில் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். என் ஐந்து கதைகளை இலவச மின்னூலாக விட்ட மூன்றாம் மாதம், ஸ்காபரோவில் இருந்து ஒரு பெரியவர் வாட்ஸ்அப்பில் அழைத்தார். முள்ளியவளைக்காரர். "எங்கட ஊரை எழுதியிருக்கிறீர், என்ர மனுசியின்ர முப்பத்தோராம் நாளுக்கு ஒரு மலர் எழுதித் தருவீரா?" என்றார். செத்த வீட்டுக் கல்வெட்டு, அதாவது நினைவு மலர், எழுதுவதா என்று என் இலக்கிய நண்பர்கள் முகம் சுழித்தார்கள். நான் எழுதினேன். அந்த அம்மாவின் தங்கை, பிள்ளைகள், பக்கத்து வளவுக்காரர் என்று ஏழு பேரோடு போனில் கதைத்து, அவர் தண்ணீரூற்றில் பிறந்ததில் இருந்து கனடாக் குளிரில் முதல் வேலைக்குப் போனதுவரை 40 பக்கம். அந்த மலர் கையில் கிடைத்த ஒருவர் தன் தகப்பனின் வாழ்க்கையை எழுதித் தரக் கேட்டார். பிறகு ஒரு பாடசாலையின் வைரவிழா மலர், ஒரு கோயிலின் கும்பாபிஷேக மலர், ஒரு கிராமத்தின் வரலாறு. இன்றைக்கு என் எழுத்து வருமானத்தில் பெரிய பங்கு இதுதான். கிண்டில் வரவு என் போன் செலவுக்குக் காணும்.

இந்த வேலையைத் தாழ்வாக நினைக்காதீர்கள். வன்னியில் 2009 க்கு முன் இருந்த பள்ளிக்கூடப் பதிவுகள், குடும்பப் படங்கள், காணி உறுதிகள், கடிதங்கள் எவ்வளவோ போய்விட்டன. மிச்சம் இருப்பது வயதானவர்களின் நினைவில்தான். அதைக் கேட்டு எழுதத் தெரிந்த ஆளுக்கு வேலை இருக்கிறது. முன்பணமாகப் பாதி வாங்குங்கள், எத்தனை தடவை திருத்தித் தருவீர்கள் என்று தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். கதைத்தவரிடம் அனுமதி கேட்டு ஒலிப்பதிவையும் பத்திரப்படுத்துங்கள். குடும்பம் சம்மதித்தால் நூலகம் நிறுவனத்தின் ஆவணகத்தில் சேர்க்கலாம். இதோடு மெய்ப்புப் பார்த்தலும், மற்றவர்களின் பாமினிக் கோப்புகளை மாற்றித் திருத்திக் கொடுப்பதும் சேர்ந்தால், ஒரு வருடத்துக்குள் உங்கள் முன்பள்ளிச் சம்பளத்துக்குப் பக்கத்தில் ஒரு தொகை வரும் என்று நம்புகிறேன். என் வேலையிலேயே மிஞ்சுவதை உங்களுக்கு அனுப்ப முடியும்.

அச்சை விட்டுவிடுவதா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். விட வேண்டாம், அளவை மாற்றுங்கள். 2022 இல் தாள் இல்லாமல் பரீட்சைகளே தள்ளிப்போன காலத்துக்குப் பிறகு 500 பிரதிக்குக் கடன்படுவது தாங்கக்கூடிய காரியம் இல்லை. டிஜிட்டல் அச்சில் 50, 100 என்று அடிக்கலாம். ஒரு பிரதிக்குச் செலவு கூட, ஆனால் மிஞ்சாது. மின்னூலை முதலில் விட்டு, வாசித்தவர்களிடம் பெயர் வாங்கி, அந்த எண்ணிக்கைக்கு விழாப் பிரதிகளையும் சேர்த்து அடியுங்கள். எங்கள் வெளியீட்டு விழாவில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று கடித உறைக்குள் வருகிற காசை எந்த மின்னூலும் தராது. அந்த விழாவுக்கு வருகிற சனத்தின் அன்பும் அப்படித்தான்.

இப்போதைக்கு அந்த 320 பிரதிகளைப் பாருங்கள். மாரி தொடங்க முன் பெட்டிகளைத் தரையில் இருந்து தூக்கிப் பலகை மேல், சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், கறையான் சுவர் வழியாகத்தான் ஏறும். மல்லாவி, துணுக்காய், கிளிநொச்சி, முல்லைத்தீவு வாசிகசாலைகளுக்கும் யாழ்ப்பாணம், வவுனியா பல்கலைக்கழக நூலகங்களுக்கும் இரண்டிரண்டு கொடுங்கள். இலவச மின்னூலின் கடைசிப் பக்கத்தில், அச்சுப் பிரதி தபாலில் கிடைக்கும் என்று விலையோடு போடுங்கள். அச்சகத்தில் இருந்து மூலக் கோப்பு கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள். முதற் கதையை மட்டும் நான் மாற்றி, பிழை வந்த இடங்களை நிறம் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். அதைப் பார்த்து மிச்சம் பதினொரு கதைகளையும் நீங்களே செய்துவிடுவீர்கள்.